பற்றாக்குறைப் பகுதி மருத்துவர்களின் கல்விக்கடனை எந்தப் பணத்தில் அடைப்பது? அமெரிக்க மாநிலங்களுக்கு உள்ள வழிகள்

அமெரிக்காவில் கடன் வாங்கி மருத்துவம் படித்து முடிப்பவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 2 லட்சம் டாலரோ அதற்கு மேலோ நிலுவை இருக்கிறது. மேற்பயிற்சிக் காலத்தில் அந்தக் கடனுக்கு வட்டியும் ஏறிக்கொண்டிருப்பதால், பயிற்சி முடிந்ததும் எந்த ஊரில் வேலைக்குச் சேர்வது என்ற முடிவில் கடனுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது. அந்த வாக்கைத் தம் பக்கம் திருப்பத்தான் மாநில அரசுகள் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. மருத்துவர், பல்மருத்துவர், செவிலியர், உளநல ஆலோசகர் என எவராயினும், ஆள் கிடைக்காத ஊரில் குறிப்பிட்ட ஆண்டுகள் பணிபுரிவதாகக் கையெழுத்திட்டால் அவருடைய கல்விக்கடனில் ஒரு பகுதியை அரசு அடைத்துவிடும். இதைக் கடனடைப்புத் திட்டம் என்று சொல்லலாம்.

படிக்கும்போதே உதவித்தொகை தந்து பின்னர் வேலை வாங்கிக்கொள்வதைவிட இது மேலான வழி என்பதற்கு ஓரளவு சான்றும் உண்டு. மாநிலத் திட்டங்களை ஒப்பிட்டு 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சியை முடித்தபின் அல்லது முடிக்கும் தறுவாயில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் திட்டங்களில் சேவையை முழுமையாக முடித்தவர்கள் 93 சதவீதம். மாணவப் பருவத்திலேயே கட்டுப்படுத்தும் உதவித்தொகைத் திட்டங்களில் அந்த அளவு 66.5 சதவீதமாகவும், சேவை செய்தால் தள்ளுபடி என்ற நிபந்தனையோடு தரப்படும் கடன்களில் 44.7 சதவீதமாகவும் இருந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் ஒருவர் தரும் வாக்குக்கும், மனைவி அல்லது கணவரோடும் குழந்தையோடும் ஊர் பார்த்துவிட்டு முப்பது வயதில் தரும் வாக்குக்கும் உள்ள வேறுபாடு அது. ஆகவே திட்டம் வேண்டுமா என்பது இங்கே கேள்வியன்று. வேண்டும் என்று முடிவு செய்த ஒரு மாநிலம் அதற்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே கேள்வி. தொகையின் அளவையே முதலில் பார்ப்பது சட்டமன்றங்களின் வழக்கம். ஆனால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு ஓடுகிறதோ, அத்தனை ஆண்டும் அந்தப் பணம் இருக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள வழிகளை அந்த அளவுகோலைக் கொண்டே எடைபோடுகிறேன்.

அனைவரும் முதலில் நாடுவது கூட்டாட்சி அரசின் மானியத்தை. பற்றாக்குறைப் பகுதிகளுக்கு மருத்துவப் பணியாளர்களைச் சேர்க்கும் கூட்டாட்சி அமைப்பான தேசிய சுகாதார சேவைப் படை 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அது தானே நேரடியாகக் கடனடைக்கிறது. அதற்கு அப்பால், பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 338I என்ற பிரிவின்கீழ் மாநிலங்களுக்கு மானியம் தந்து அவை தாமே நடத்தும் திட்டங்களுக்கும் உதவுகிறது. இந்த மானியத்தின் அடிப்படை விதி, வாஷிங்டன் ஒரு டாலர் தந்தால் கூட்டாட்சி சாராத ஏதேனும் ஒரு மூலத்திலிருந்து மாநிலம் இன்னொரு டாலர் போட வேண்டும் என்பது. அந்த இணைப்பங்கு மாநிலக் கருவூலத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. வேலை தரும் நிறுவனமோ அறக்கட்டளையோ தந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும். 2021-ஆம் ஆண்டின் கொரோனா மீட்புச் சட்டம் இத்திட்டத்துக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியபோது இணைப்பங்கு விதி தளர்த்தப்பட்டது. வழக்கமாக மறுக்கப்படும் நிர்வாகச் செலவுக்கும் 10 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது. அது விதிவிலக்கான காலம். அதை மாதிரியாக வைத்துத் திட்டமிடுவது பிழையாகும்.

இந்த மானியத்தின் சிறப்பு, ஒவ்வொரு மாநில டாலரும் இரண்டாகிறது என்பதே. ஆண்டுக்கு நூறு பேருக்கு இரண்டாண்டுச் சேவைக்காகத் தலா 50,000 டாலர் தருவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 50 லட்சம் டாலர் தேவை. அதில் 25 லட்சம் வாஷிங்டனிலிருந்து வந்துவிடும். குறை எங்கே என்றால், பணத்தோடு சட்டகமும் வருகிறது. பணியிடம் அரசு நிறுவனமாகவோ இலாபநோக்கற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். அது பற்றாக்குறைப் பகுதி என்று முறையாக அறிவிக்கப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும். அடிப்படை மருத்துவத்தில் 3,500 பேருக்கு ஒரு மருத்துவர் என்பது அந்த அறிவிப்புக்கான பொது வரம்பு. தேவை மிகுந்த இடங்களில் 3,000. பல்மருத்துவத்துக்கு 5,000 பேர். இப்படி எண்ணிக்கையால் வரையறுப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சிறு மாவட்டத்துக்கு இரண்டு மருத்துவர்கள் வந்து சேர்ந்ததும் அது பட்டியலை விட்டு வெளியேறிவிடலாம். அவர்கள் கிளம்பியதும் மீண்டும் உள்ளே வரலாம். ஊரின் தேவையில் பெரிய மாற்றம் எதுவும் நேர்ந்திருக்காது. பட்டியல் மட்டும் ஊஞ்சலாடும்.

அடுத்த வழி மாநிலப் பொது நிதி. இதில் சுதந்திரம் அதிகம். தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் கிராமத்து மருத்துவரைச் சேர்க்கலாம். அவருடைய கிளினிக் சட்டப்படி இலாபநோக்குள்ள நிறுவனம் என்பதால் கூட்டாட்சி மானியம் அவரைத் தொடாது. பட்டியலிலிருந்து விழுந்த ஊரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பொது நிதி என்பது ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் பள்ளிக்கூடத்தோடும் சிறைச்சாலையோடும் சாலையோடும் போட்டியிட்டு வெல்ல வேண்டிய பணம். பொருளாதாரம் சரியும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது, வெட்டினால் உடனே கூக்குரல் எழாத திட்டம். கடனடைப்புத் திட்டம் அப்படிப்பட்டது. வராமல் போன மருத்துவருக்காக எவரும் ஊர்வலம் போவதில்லை.

அந்த ஆபத்தை அறிந்துதான் சில மாநிலங்கள் குறிப்பிட்ட ஒரு வரியைத் திட்டத்தோடு முடிச்சுப் போட்டன. டெக்சாஸ் இதில் முக்கியமான பாடம். அங்கே 2009-இல் புகையில்லாப் புகையிலைக்கான வரியை விலை அடிப்படையிலிருந்து எடை அடிப்படைக்கு மாற்றி, கிடைக்கும் கூடுதல் வருவாயில் ஒரு பங்கை மருத்துவர் கடனடைப்புக்கு ஒதுக்கினார்கள். நான்காண்டுச் சேவைக்கு 1,60,000 டாலர் வரை. முதலாண்டில் 25,000, பிறகு 35,000, 45,000, கடைசியாக 55,000 என்று ஏறுமுகமாகத் தொகை வகுக்கப்பட்டது. முன்னதாகவே விட்டுப்போகிறவர் பெருந்தொகையை இழப்பார் என்பதால் மருத்துவரை நிறுத்திவைக்க இது நல்ல உத்தி. ஆனால் கருவூலத்தின் பக்கமிருந்து கணக்குப் போட்டால் வேறொரு உண்மை தெரியும். ஆண்டுக்கு நூறு பேரைச் சேர்த்தால் முதலாண்டுச் செலவு 25 லட்சம் டாலர். நான்காம் ஆண்டில், ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்ந்த நான்கு அணிகளுக்கும் சேர்த்து, அது 1.6 கோடி. திட்டத்தை ஒரு நபரளவுகூட விரிவாக்காமலேயே செலவு ஆறு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. இதை முதல் நாளில் சட்டமன்றத்துக்குச் சொல்லாத அதிகாரி, மூன்றாம் ஆண்டில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடுவது. 2011-இல் அது கூடியபோது பெரும் நிதிப் பற்றாக்குறை. கடனடைப்புக்கான ஒதுக்கீடு கடுமையாக வெட்டப்பட்டது. ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களுக்குக் கொடுத்த பின்னர் புதியவர்களைச் சேர்க்கப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. புகையிலை வரி நிற்கவில்லை, அது வழக்கம்போல வசூலாகிக்கொண்டுதான் இருந்தது. ஒரு வரி எந்தக் கணக்கில் விழுகிறது என்பதைச் சட்டம் தீர்மானிக்கலாம். அந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் சட்டமன்றமே தீர்மானிக்கும் வரையில், அந்த முடிச்சு அவிழ்க்கக்கூடிய முடிச்சே. பின்னாளில் அத்திட்டம் மீண்டெழுந்து, உச்சத் தொகையும் 1,80,000 டாலராக உயர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பயிற்சி முடித்தவர்கள் வேறு ஊர்களில் வேரூன்றிவிட்டார்கள்.

கலிஃபோர்னியா இதே புகையிலையிலிருந்து வேறு விதமாகப் பாடம் கற்றது. 2016-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 56-ஆம் முன்மொழிவு சிகரெட் பெட்டிக்கு 2 டாலர் கூடுதல் வரி விதித்தது. அதிலிருந்து 2018-இல் 22 கோடி டாலரை ஒரே தொகையாக எடுத்து, மருத்துவர்களுக்கும் பல்மருத்துவர்களுக்கும் கடனடைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டில் மேலும் 12 கோடி சேர்ந்தது. ஐந்தாண்டுச் சேவை, நோயாளிகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் மாநிலத்தின் ஏழையர் காப்பீட்டில் இருப்பவர்கள், ஈடாக 3 லட்சம் டாலர் வரை கடனடைப்பு. ஆண்டுதோறும் வரும் வரியை நம்பி வாக்குறுதி தருவதற்கு மாறாக, கைக்கு வந்த தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, அதன் எல்லைக்குள் ஆண்டுக்கோர் அணியாக மருத்துவர்களைச் சேர்த்தார்கள். கையெழுத்திட்டவருக்கான பணம் அப்போதே இருப்பில் இருந்தது. தொகை தீர்ந்தால் சேர்க்கையும் தீரும் என்பது இதன் குறை. புகையிலை வரிக்கே உரிய முரணும் உண்டு: வரி நினைத்த வேலையைச் செய்தால் புகைப்பவர்கள் குறைவார்கள், வருவாயும் குறையும். சுகாதாரத் துறை தன் வெற்றியாலேயே ஏழையாகும் வருவாய் இது. ஆகவே இதை ஒருமுறை விதைநெல்லாகக் கொள்ளலாம், ஆண்டுதோறும் விளைச்சல் எதிர்பார்ப்பது சரிப்படாது. கொலராடோ 2018-இல் உளநலப் பணியாளர்களுக்காகக் கஞ்சா வரி நிதியிலிருந்து 25 லட்சம் டாலர் எடுத்ததும் இந்த வகைதான்.

சிறிய தொகை, ஆனால் அசையாத தொகை வேண்டுமென்றால் உரிமக் கட்டணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவிலேயே, மேற்சொன்ன பெருந்திட்டத்துக்கு வெகு முன்பிருந்து, மருத்துவர்கள் உரிமத்தைப் பெறும்போதும் புதுப்பிக்கும்போதும் 25 டாலர் கூடுதலாகச் செலுத்துகிறார்கள். அது மூன்றாண்டுச் சேவைக்கு 1,05,000 டாலர் வரை தரும் பழைய கடனடைப்புத் திட்டத்துக்குப் போகிறது. உரிமம் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. ஒரு லட்சம் மருத்துவர்கள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 12.5 லட்சம் டாலர், அதாவது முழுத்தொகை பெறும் பன்னிரண்டு பேர். கலிஃபோர்னியா அளவுள்ள மாநிலத்துக்குப் பன்னிரண்டு பேர் என்பது கடலில் கரைத்த பெருங்காயம். ஆனாலும் மந்தநிலையிலும் மருத்துவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்காமல் இருப்பதில்லை என்பதால் இந்தப் பணம் ஏறாது, இறங்காது. மொன்டானா இன்னும் துணிச்சலான வழியை எடுத்தது. சொந்தமாக அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத அம்மாநிலம், மற்ற மாநிலக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் செய்து தன் மாணவர்களை அனுப்புகிறது. அப்படி அரசு ஆதரவில் படிக்கும் மாணவர்களிடம் ஒரு கட்டணம் வாங்கி, திரும்பிவந்து கிராமத்தில் பணிபுரிவோரின் கடனை அதைக்கொண்டு அடைக்கிறது. நகரத்தைத் தேர்ந்தவர் கட்டிய பணம் கிராமத்தைத் தேர்ந்தவருக்குப் போகிறது. நியாயம் தெளிவாகத் தெரியும் ஏற்பாடு, ஆனால் கடனோடு படிக்கும் மாணவரிடமே மேலும் கேட்பதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது.

இனி, வேலை தருபவர் பங்கு. மிச்சிகனின் அமைப்பில் 40 சதவீதம் கூட்டாட்சி மானியம், 40 சதவீதம் மாநில நிதி, 20 சதவீதம் வேலை தரும் நிறுவனம். மேற்சொன்ன 50 லட்சம் டாலர் கணக்கில் மாநிலத்தின் சுமை 25 லட்சத்திலிருந்து 20 லட்சமாகக் குறைகிறது. குறைவது ஐந்து லட்சம்தானே என்று தோன்றலாம். ஆனால் அதே 25 லட்சத்தை மாநிலம் போட்டால் நூறு பேருக்குப் பதில் 125 பேரைச் சேர்க்கலாம், கூட்டாட்சி மானியமும் அதற்கேற்பக் கிடைத்தால். அலாஸ்கா இன்னும் ஒரு படி போய், 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் திட்டத்தின் மூன்றாம் பிரிவை முதன்மையாக வேலை தருபவர்களின் பணத்திலேயே நடக்கும்படி அமைத்தது. விமானமும் படகும் இல்லாமல் போய்ச் சேர முடியாத ஊர்களில் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு, இடம் காலியாக இருந்தால் ஏற்படும் செலவு நன்றாகத் தெரியும். தற்காலிக மருத்துவரை வரவழைக்க அவை கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் கடனடைப்பு அவர்களுக்கு மலிவு.

வேலை தருபவர் ஏன் நேரடியாகவே பணியாளரின் கடனை அடைக்கக்கூடாது, இடையில் மாநிலம் எதற்கு என்று கேட்கலாம். வரிச் சட்டத்தில் இருக்கிறது விடை. நிறுவனம் நேரடியாகச் செலுத்தினால் ஆண்டுக்கு 5,250 டாலர் வரைதான் வருமான வரி விலக்கு, மீதி சம்பளமாகவே கருதப்படும். அதே தொகை, பற்றாக்குறைப் பகுதிகளில் மருத்துவ சேவையைப் பெருக்கும் மாநிலக் கடனடைப்புத் திட்டத்தின் வழியாகப் போனால், வருமான வரிச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி அது பணியாளரின் வருமானக் கணக்கில் சேராது. 2004-இல் கூட்டாட்சித் திட்டங்களுக்கும் அதன் மானியம் பெறும் மாநிலத் திட்டங்களுக்கும் மட்டும் இருந்த இச்சலுகையை 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் பிற மாநிலத் திட்டங்களுக்கும் விரித்தது. ஆக மாநிலம் தன் பணத்தில் ஒரு டாலரும் போடாமல், வாசலாக நின்றாலே, நிறுவனத்தின் பணம் கூடுதல் வலிமை பெறுகிறது. பல சட்டமன்ற உறுப்பினர்கள் இதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

இருப்பினும் 20 சதவீதம் என்று எல்லோருக்கும் ஒரே கோடு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய மருத்துவமனைக் குழுமம் அந்தப் பங்கை எளிதில் கட்டும். ஐந்து பேர் வேலை பார்க்கும், நோயாளியின் வருவாய்க்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக மருத்துவ நிலையம் தடுமாறும். விளைவு, ஆள் மிகவும் தேவைப்படும் இடமே விண்ணப்பிக்காமல் ஒதுங்கிவிடும். பங்கு இருக்கட்டும், ஆனால் நிறுவனத்தின் அளவுக்கும் ஊரின் பற்றாக்குறை எவ்வளவு கடுமையானது என்பதற்கும் ஏற்ப அது பூஜ்யம் வரை இறங்கும்படி இருக்க வேண்டும். பங்கு கட்டிய முதலாளி பணியாளரைக் கட்டிப்போட்டதாக எண்ணிக்கொள்ளாதபடி, தகுதியுள்ள வேறு நிலையத்துக்கு மாறிச் சேவையைத் தொடரும் உரிமையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

ஏழையர் மருத்துவக் காப்பீடான மெடிகெய்டின் பணத்தை வழக்கமான விதிகளுக்கு அப்பாலும் செலவிடக் கூட்டாட்சி அரசு தரும் சிறப்பு அனுமதி வழியாகப் பணம் எடுக்கும் வழியும் சில ஆண்டுகள் ஒளிவீசியது. நியூயார்க் 2024 ஜனவரியில் பெற்ற அனுமதியில் கடனடைப்புக்கு மட்டும் 4.83 கோடி டாலர் இருந்தது. மனநல மருத்துவருக்கு 3 லட்சம் வரை, அடிப்படை மருத்துவருக்கும் பல்மருத்துவருக்கும் 1 லட்சம் வரை, நான்காண்டுச் சேவைக்கு. ஆனால் 2025 ஜூலையில், இத்தகைய பணியாளர் திட்டங்களுக்கு இனிப் புதிய அனுமதி தருவதாகவோ இருப்பதை நீட்டிப்பதாகவோ இல்லை என்று கூட்டாட்சி நிர்வாகம் அறிவித்துவிட்டது. இப்போது திட்டமிடும் மாநிலத்துக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது.

அதே மாதம் இன்னொரு கதவு திறந்தது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெருஞ்சட்டம் கிராமப்புற மருத்துவ மாற்றத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 5,000 கோடி டாலர், அதாவது 2026 முதல் 2030 வரை ஆண்டுக்கு 1,000 கோடி, ஒதுக்கியது. அதில் பாதி எல்லா மாநிலங்களுக்கும் சமமாகப் பிரிக்கப்படுவதால், ஐம்பது மாநிலங்களும் சேர்ந்த நிலையில் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 கோடி டாலர். அனுமதிக்கப்பட்ட செலவுகளுள், குறைந்தது ஐந்தாண்டு கிராமப்புறத்தில் பணிபுரிய உறுதி தருவோரை ஈர்ப்பதும் ஒன்று. கடனடைப்புக்கு இதுவரை இவ்வளவு பெரிய வாய்ப்பு வந்ததில்லை. ஆனால் மேலே சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் உடனே ஒரு பொருத்தமின்மை தெரியும். ஓராண்டின் ஒதுக்கீட்டை அடுத்த நிதியாண்டு முடிவதற்குள் செலவிட்டுவிட வேண்டும். மருத்துவர் தரும் வாக்கோ ஐந்தாண்டு. 2030-இல் சேர்பவர் 2035 வரை பணிபுரிவார். ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகக் கொடுக்க அப்போது பணம் இராது. எனவே முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும், கொடுத்துவிட்டால் விட்டுப்போகிறவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். தேசிய சேவைப் படையின் ஒப்பந்தத்தில் நிறைவேற்றாத ஒவ்வொரு மாதத்துக்கும் 7,500 டாலர், எப்படியும் 31,000 டாலருக்குக் குறையாமல், என்று கடுமையான தண்டம் இருக்கிறது. அந்தளவு கறாரான விதியை எழுதவும், அதை வசூலிக்க ஆள் வைக்கவும் மாநிலம் ஆயத்தமா என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். தவிர, இந்தப் பணம் கிராமத்துக்கானது. டெட்ராயிட் போன்ற பெருநகரங்களிலும் பற்றாக்குறைப் பகுதிகள் உண்டு. அங்குள்ள சமூக மருத்துவ நிலையத்துக்கு இதில் எதுவும் கிடைக்காது.

அதே சட்டம் 2026 ஜூலை முதல் புதிதாகத் தொழிற்கல்வியில் சேர்வோருக்கான கூட்டாட்சிக் கடனை ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பிட்டிருப்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். வரம்புக்கு மேல் தேவைப்படுவோர் தனியார் வங்கியை நாடுவார்கள். பத்தாண்டு பொதுச் சேவைக்குப் பின் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் கூட்டாட்சிச் சலுகை தனியார் கடனுக்குச் செல்லாது. ஆகவே சில ஆண்டுகளில், வணிக வங்கிக் கடனையும் அடைக்கும் மாநிலத் திட்டத்துக்கு மதிப்பு இப்போதைவிடக் கூடும். இன்று போடும் அடித்தளம் அந்த ஆண்டுகளுக்கும் தாங்க வேண்டும்.

பணமே செலவாகாத வழி ஒன்றும் இருப்பதால் அதைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்பயிற்சிக்கு அமெரிக்கா சென்றவர்களுக்கு இது பழக்கமானது. 1994 முதல் இருந்துவரும் ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு முப்பது வெளிநாட்டு மருத்துவர்களுக்கு, பற்றாக்குறைப் பகுதியில் மூன்றாண்டு பணிபுரியும் நிபந்தனையில், பயிற்சி முடிந்ததும் தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற விசா விதியிலிருந்து விலக்குப் பரிந்துரைக்கலாம். மாநிலத்துக்குச் செலவு கோப்பு பார்க்கும் செலவுதான். ஆனால் எண்ணிக்கை முப்பதோடு நிற்கிறது, செவிலியரையும் பல்மருத்துவரையும் உளநல ஆலோசகரையும் அது எட்டாது. கடனடைப்புக்கு இது மாற்றாகாது, துணையாகலாம்.

நடுத்தர அளவுள்ள ஒரு மாநிலத்தின் சுகாதாரத் துறை என்னிடம் கேட்டால் நான் பரிந்துரைப்பது இதுதான். அடித்தளமாகக் கூட்டாட்சி மானியத்தையும், அதற்கு இணைப்பங்காக உரிமக் கட்டணத்தையும், நிறுவனத்தின் வசதிக்கேற்ப இறங்கும் வேலைதருபவர் பங்கையும் வைக்கலாம். இவை மூன்றும் பெரிதாக வளரா, ஆனால் நிற்கும். பொது நிதியைக் கூட்டாட்சி விதிகள் ஒதுக்கிவிடும் ஊர்களுக்கும் தனிக் கிளினிக்குகளுக்கும் மட்டும் பயன்படுத்தலாம். கிராமப்புற மாற்றத் திட்டப் பணத்தைக் கலிஃபோர்னியா தன் 22 கோடியைக் கையாண்டது போல ஒரே விதைத் தொகையாகக் கருதி, கையெழுத்தாகும் நாளிலேயே முழுமையாகப் பணம் ஒதுக்கப்பட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும் செலவிட வேண்டும். இவ்வளவுக்கும் முன்னால் சட்டமன்றத்தில் நிறைவேற வேண்டிய சிறு திருத்தம் ஒன்று உண்டு: கடனடைப்புக் கணக்கில் சேரும் பணம் நிதியாண்டு முடிவில் பொது நிதிக்குத் திரும்பாது, ஒப்பந்தக் கடப்பாடுகள் தீரும் வரை வேறெதற்கும் எடுக்கப்படாது என்ற ஒரு பத்தி. டெக்சாஸில் வரி இருந்தது, திட்டம் இருந்தது, விண்ணப்பதாரர்களும் இருந்தார்கள். 2011-இல் இல்லாமல் போனது அந்த ஒரு பத்திதான்.